ஸ்டெல்லாவிடம் நல்ல வார்த்தை சொல்லச் சொன்னாயே

மகனுக்கு,

'அன்புள்ள' என்று போட்டால், அம்மா சமாதானமாகிவிட்டாள் என்று எண்ணி மீதியைப் படிக்காமல் விட்டுவிடுவாய். அதனால் இன்றைக்கு அந்தச் சொல் இல்லை. நேற்றுக் காலை நான் ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் செய்தாய். "மா, ஸ்டெல்லா ஆன்ட்டி உன்கிட்ட பேசுவாங்க. வண்டி நல்லா ஓடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாய். ரவையைக் கிளறிக்கொண்டிருந்த என் கரண்டி நின்றுவிட்டது. "மா, லைன்ல இருக்கியா?" என்றாய். இருந்தேன். "இந்த மாசம் இது ஒண்ணு முடிஞ்சா கோயம்புத்தூர் பிராஞ்ச் எனக்குத்தான்" என்றாய். ரவை தீய்ந்தது. ஃபோனை வைத்துவிட்டு வாணலியைக் கழுவப் போட்டேன். அப்போதிலிருந்து உன்னிடம் என்ன சொல்வது என்று யோசித்து, யோசித்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

வீட்டு விஷயத்தை வெளியே பேசுகிறவள் இல்லை நான். எதிர்வீட்டில் பதினைந்து வருடமாக இருப்பவளுக்கு என் பிறந்தநாள் தெரியாது. ஆனாலும் இதை எல்லோரும் படிக்கும்படிதான் எழுதுகிறேன். உன் பெயரையோ உன் கம்பெனியின் பெயரையோ எழுதவில்லை. உன்னிடம் தனியாகச் சொன்னால் அது அம்மாவின் புலம்பல், காது கொடுத்தது போல முகத்தை வைத்துக்கொண்டு ஃபோனைத் தடவிக்கொண்டிருப்பாய். முன்பின் தெரியாத நாலு பேர் படித்தார்கள் என்றால் ஒருவேளை நீயும் கடைசி வரை படிப்பாய். பெற்ற வீட்டிலேயே முதல் வியாபாரத்தைத் தொடங்கும் பிள்ளைகள் உன்னைப் போல வேறு வீடுகளிலும் இருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்களும் படிக்கட்டும்.

இருபது வயதில் உன்னைப் பெற்றேன். மயிலாப்பூர் கடைகளில் இன்னமும் உன்னை என் தம்பி என்று நினைப்பவர்கள் உண்டு, அதில் உனக்கு ஒரு பெருமை, எனக்கு ஒரு சங்கடம். நீ பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அபிராமபுரத்தில் ஒரு கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, அதுவரை வீட்டு அடுப்பில் செய்துவந்த சமையல் தொழிலை அங்கே மாற்றினேன். கல்யாணம், சீமந்தம், அறுபதாம் கல்யாணம். கூப்பிட்டால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, இதைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஒரு மண்டபத்தில் இறக்கிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரத்தில் பழைய பிக்கப்பின் முன்சீட்டில் கால் மடக்கி உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். நான் படித்ததில் பாதியை அந்த சீட்டில்தான் படித்தேன். அதற்காக அந்த வண்டியைக் கொண்டாடுகிறேன் என்று நினைக்காதே. அது அழகில்லாத வண்டி. பிரேக் பிடித்தால் தெருநாய் எல்லாம் எழுந்து நிற்கும். இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். ஆனால் சாவியைத் திருப்பினால் கிளம்பும். ஒரு மழைக்காலத்தில் வேளச்சேரியில் தண்ணீர் ஏறி, உன் அத்தை குடும்பம் மாடியில் மாட்டிக்கொண்டபோது, நம் வட்டாரத்தை விட்டு அது வெளியே போன ஒரே தடவை, சக்கரம் முழுகும் தண்ணீரில் சாம்பார் சாதம் ஏற்றிக்கொண்டு போய் வந்தது. அன்றைக்கும் ஒன்றும் பெரிய சாகசம் இல்லை. முனகிக்கொண்டே போயிற்று, முனகிக்கொண்டே வந்தது.

அதை மாற்ற வேண்டும் என்று நீ சொன்னபோது எனக்கு மறுப்பு இல்லை. வயதாகிவிட்டது, புகை கக்கியது. வேறு கம்பெனி வண்டி என்றதும் உன் அப்பாதான் முகம் சுளித்தார். "பழகின கம்பெனிய ஏன்டா விடணும்?" என்றார். "அப்பா, நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க" என்று சிரித்தாய். அந்தக் கம்பெனியின் ஷோரூமில் வண்டி விற்க நீ சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, நான் காய் நறுக்க நறுக்க வண்டியின் பெருமையை ஒவ்வொன்றாகச் சொன்னாய். ஏசி, கேமரா, மைலேஜ். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டேன்: "நம்ம ஓட்டம் முழுக்க ஊருக்குள்ளதான். சிக்னலுக்கு சிக்னல் நிக்கறது. அதுக்கு ஒத்து வருமா?" நீ ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "அதுக்குன்னே செஞ்ச வண்டி மா இது" என்றாய். ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தாய்.

ஷோரூமில் எனக்கு மாலை போட்டு, கையில் அட்டையால் செய்த பெரிய சாவியைக் கொடுத்துப் படம் எடுத்தீர்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, உனக்காகப் பல்லைக் காட்டினேன். அந்தப் படத்தை என்னைக் கேட்காமல் எங்கள் சமையல்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டாய். எங்கள் தொழிலில் வண்டியை விளம்பரம் பார்த்து யாரும் வாங்குவதில்லை என்பது உனக்குத் தெரியும். பக்கத்துச் சமையல்காரர் எதில் அண்டாவை ஏற்றுகிறார் என்று பார்ப்பார்கள், போய் ஒரு வார்த்தை கேட்பார்கள், வாங்கிவிடுவார்கள். ஒருவர் தவறாக வாங்கினால் வரிசையாக எல்லோரும் தவறாக வாங்குவோம். நீ வண்டியை எனக்கு விற்கவில்லை, என் வழியாக அந்தக் குழுவுக்கு விற்றாய். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் ஓடியது. நம் டிரைவர் டில்லிக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, ஏசி போட்டுகினு சாம்பார் எத்தினு போறேன், சாம்பாருக்கே குளிருது" என்றான். அந்த நாட்களில் சாந்தோம் ஸ்டெல்லா கேட்டாள், எப்படியிருக்கிறது என்று. நல்லாயிருக்கு என்றேன். மனதாரச் சொன்னேன். அதில் பொய் இல்லை.

அப்புறம் அந்தத் தி.நகர் கல்யாணம். காலைப் பலகாரம், இட்லி, பொங்கல், கொத்சு. நான் ஆட்டோவில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். எல்டாம்ஸ் சாலையில் நம் வண்டி ஆமையாக நகர்வதைப் பார்த்து இறங்கி ஓடினேன். உள்ளே மீட்டர் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. டில்லி வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். "இன்னாடா ஆச்சு?" என்று அவன் பாஷையிலேயே கத்தினேன். "நான் இன்னாக்கா பண்றது? மிதிச்சிகினேதான் கீறேன், நவுர மாட்டேங்குது. நடந்து போறவன் ஓவர்டேக் பண்றான்" என்றான். பின்னால் ஹாரன். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார். "இன்னா நைனா, சாமி ஊர்வலமா? மேளத்த எங்க வுட்ட?" என்றார். அந்த மனிதரையே கெஞ்சிப் பிடித்து, இன்னும் இரண்டு ஆட்டோவை நிறுத்தி, நடுரோட்டில் பாத்திரங்களை மாற்றி ஏற்றினோம். கொத்சு பாதி ஆட்டோ தரையில். பொங்கல் தூக்கின் மேல் என் புடவைத் தலைப்பைப் போட்டு மூடிக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் பெண்ணின் அப்பா பந்தி ஓரமாக நின்றிருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. காலி இலைகளைப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருத்தி, எனக்குக் கேட்கவேண்டும் என்றே பக்கத்து இலைக்காரியிடம் சொன்னாள்: "மயிலாப்பூர் சமையல்னா சும்மாவா? நன்னா பசிக்க வச்சுட்டுத்தான் போடுவா. அப்பதான் ருசிக்கும்." கல்யாணப் பெண்ணுக்கு அந்த வீட்டில் எத்தனை நாள் இந்தப் பேச்சு கேட்க வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டு பரிமாறினேன். அன்றைக்கு உனக்கு ஃபோன் செய்தேன். "முதல் சர்வீஸ் வரைக்கும் சின்னச் சின்னதா வரும் மா" என்றாய்.

வேளச்சேரிக்கு அப்பால் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். உன் வயதுப் பையன் ஒருவன் பொறுமையாக விளக்கினான். புகையில் இருக்கும் கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறதாம். வண்டி நிற்காமல் நல்ல வேகத்தில் ஓடினால் அந்தச் சூட்டில் கரி தானாக எரிந்துவிடும். நின்று நின்று ஓடினால் சூடு ஏறாது, கரி சேர்ந்துகொண்டே போகும். ரொம்பச் சேர்ந்தால் வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தை அடக்கிக்கொள்ளும். "வண்டில கோளாறு எதுவும் இல்ல மேடம். வாரத்துக்கு ஒரு தடவ ஈசிஆர்ல மகாபலிபுரம் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துருங்க, சரியாய்டும்" என்றான். "எதை ஏத்திக்கிட்டுப் போறது?" என்று கேட்டேன். "சும்மாதான் மேடம்." "இத வாங்கறப்பவே சொல்ல மாட்டீங்களா?" அந்தப் பையன் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சேல்ஸ்ல சொல்லிருப்பாங்களே மேடம்."

சேல்ஸில் நீ இருக்கிறாய். நீ என் மகன் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் முன்னால் எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

ஆக, வாரத்தில் ஒரு நாள் நம் வண்டி காலியாகக் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கப் போகிறது. டில்லிக்கு இது திருவிழா. "புள்ளய பீச்சுக்கு இட்டுகினு போற மாரி கீதுக்கா" என்றான். ஒரு தடவை நானும் போனேன். ஆத்திரத்தோடு ஏறி உட்கார்ந்தேன், ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று. நீலாங்கரை தாண்டியதும் வண்டி ஒரு சத்தம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. பழைய வண்டியில் இந்த வேகத்தில் போனால் என் பல்லெல்லாம் ஆடும். இதில் கையில் காபி டம்ளர் வைத்துக்கொண்டு போகலாம். திரும்பி வரும்போது எனக்குக் கோபம் குறையவில்லை, இடம் மாறியது. அதுவரை கம்பெனியை மாற்றியதுதான் தப்பு, அப்பா சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சோம்பேறித்தனமான நினைப்பு. வண்டி நல்ல வண்டி. தினமும் வேலூருக்கோ திண்டிவனத்துக்கோ காய்கறி ஏற்றிப் போகிறவனுக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது. சிக்னல் சிக்னலாக இட்லி ஏற்றிப் போகிறவளுக்கு ஆகாது. வண்டி தான் எப்படி ஓடும் என்பதை மறைக்கவில்லை, கையேட்டில் எழுதியிருக்கிறது. மறைத்தவன் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தாய். ரசம் ஊற்றும்போது கேட்டேன். "இந்த வடிகட்டி விஷயம் உனக்குத் தெரியுமா?" நீ பொய் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பிடிபட்டோமே என்ற கூச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருப்பேன். நீ அப்பளத்தை உடைத்துக்கொண்டே, "தெரியும் மா. டிரெய்னிங்லயே சொல்வாங்க. அத எல்லாம் சொன்னா சிட்டில எவன் வாங்குவான்?" என்றாய். "நான் கேட்டேனேடா." "நீ கேட்ட. கேஸ்ல ஓடற மாடல் இருக்கு, அதுல இந்தப் பிரச்சன இல்ல. அது வர ரெண்டு மாசம் ஆகும். எனக்கு மார்ச் கடைசிக்குள்ள டார்கெட் முடிக்கணும். நீ வேற, ஏதோ அடுப்புல அண்டா கவுந்துட்ட மாதிரி பேசற. வாரத்துக்கு ஒரு ரவுண்டு, அவ்ளோதானே?" உன் அப்பா மோரை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். அவர் சண்டையில் நிற்கமாட்டார் என்பது தெரிந்ததுதான். நீ இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாய். நானும் ஊற்றினேன். அந்தக் கரண்டியை நான் ஏன் கீழே வைக்கவில்லை என்று இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வளர்த்ததில் எங்கே தவறியது என்று கேட்டுக்கொள்வது பெற்றவர்களுக்கு வழக்கம். எனக்கு அந்தக் கேள்வியில் இப்போது அக்கறை இல்லை. அதைக் கேட்டால் பழி என் பக்கம் வந்துவிடும், நீ எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விடுவாய். இருபத்துமூன்று வயதில் செய்வது செய்தவனுடையது. இருபத்துமூன்று வயதில் நான் மூன்று வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அறிமுகம் இல்லாத வீட்டில் போய், சாப்பாடு நேரத்துக்கு வரும் என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது கடை இல்லை, போர்டு இல்லை. அந்த வாக்கு ஒன்றுதான் இருந்தது. நேரத்துக்கு வரும் என்றால் வரும். நீ அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு மாதக் கணக்கை முடித்துக்கொண்டாய். இப்போது இன்னொரு தடவை கேட்கிறாய்.

அதுவும் ஸ்டெல்லாவிடம். ஸ்டெல்லா யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாந்தோமில் பங்குக் கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கிறாள். கணவர் இல்லை. பக்கத்தில் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறாள், அதுதான் வருமானம். ஒரே வண்டி, அது நின்றால் மாற்று இல்லை. கல்யாண வீட்டில் தாமதமானால் ஒரு மாமி குத்திக் காட்டுவாள், அதோடு போகும். பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகு சாப்பாடு வந்தால், இரண்டாவது தடவையே வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். அவளுடைய ஓட்டம் என்னுடையதைவிடக் குறுகியது. சாந்தோம், மந்தைவெளி, அடையாறு, திரும்பி வீடு. அவள் வாரத்தில் ஒரு நாள் யாரை வைத்து மகாபலிபுரம் அனுப்புவாள்? அவளே ஓட்டுகிறாள். இதெல்லாம் தெரிந்துதான் அவளுடைய பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாய். உன் முதல் பிறந்தநாளுக்கு கேக் செய்து கொண்டுவந்தவள் அவள் என்று எழுதி உன்னைக் கரைக்க நான் விரும்பவில்லை. அறிமுகம் இல்லாதவளாக இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை அவள் ஃபோன் செய்யட்டும் என்று காத்திருக்கவில்லை, நானே சாந்தோம் போய்விட்டு வந்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினேன். வடிகட்டி, மஞ்சள் விளக்கு, காலி ரவுண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எல்டாம்ஸ் சாலையில் நின்றதைச் சொல்லும்போது மட்டும் அவள் தலையை நிமிர்த்தினாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு நான் தி.நகர்ல அண்ணன் வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தேன். பக்கத்துல வந்த பஸ்ல. நீ நடுரோட்டுல பொங்கல் தூக்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்ன. கூப்பிடலாம்னு பாத்தேன், பஸ் எடுத்துட்டான்."

"அப்புறம் ஏன் ஸ்டெல்லா வண்டிய கேட்டுக்கிட்டிருந்த?"

"உன் பையன் வந்தான். அம்மா வண்டி ஒரு நாள்கூட நின்னதில்ல ஆன்ட்டி, வேணா அம்மாவையே கேளுங்கன்னான். சரி, கேப்போம்னு இருந்தேன். நீயா சொல்வன்னு பாத்தேன். அடுத்த வாரம் எங்க கோயில் வாசல்ல பாத்தப்ப சொல்வன்னு பாத்தேன். நீ மழை வருமான்னு பேசின."

நான் இன்னொரு வெங்காயத்தை எடுத்தேன். அவள் தன் குரலை உயர்த்தவே இல்லை. "அவன் விக்கறவன், சொல்லத்தான் செய்வான். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ வாயத் திறக்காம இருந்த பாரு, அதான். இன்னிக்கும் நீ வராம, ஃபோன்ல நல்லா ஓடுதுன்னு சொல்லியிருந்தா, வண்டியும் வாங்கியிருக்க மாட்டேன், உன்கூடப் பேசியும் இருக்க மாட்டேன்." அப்புறம் எழுந்து போய் கைகழுவினாள். காபி தரட்டுமா என்று கேட்கவில்லை. அந்த வீட்டிலிருந்து காபி குடிக்காமல் நான் வந்தது இதுதான் முதல் தடவை.

எனவே தெரிந்துகொள். ஸ்டெல்லா வாங்கப் போவதில்லை. வந்ததும் சமையல்காரர்கள் குழுவில் நானே எழுதிவிட்டேன், நீ என் படத்தைப் போட்ட அதே இடத்தில்: வண்டி நல்லது, வெளியூர் ஓட்டம் உள்ளவர்கள் வாங்கலாம், ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் வாங்க வேண்டாம், காரணம் இது. அரை மணி நேரத்தில் இரண்டு பேர் ஃபோன் செய்தார்கள், இருவரும் உன்னிடம் பெயர் கொடுத்து வைத்திருந்தவர்கள். அவர்களும் இல்லை. நம் வண்டியையும் விற்கப் போகிறேன், திண்டிவனம் பக்கம் காய்கறி ஓட்டுகிற ஒருவருக்கு, எல்லாவற்றையும் சொல்லி. உன் ஷோரூம் வழியாக இல்லை. டில்லிதான் ஏசி போகிறதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், அவனைச் சமாளித்துக்கொள்வேன்.

கோயம்புத்தூர் உனக்குக் கிடைக்காமல் போகலாம். அது என்னால்தான். அதற்காக எனக்கு வருத்தமா என்றால், என்றைக்காவது இருக்கலாம், இன்றைக்கு இல்லை. உன் மேனேஜர் இத்தனை பேர் ஏன் பின்வாங்கினார்கள் என்று கேட்பார். கஸ்டமர் மனசு மாறிட்டாங்க சார் என்று சொல்ல உனக்கு வாய் வரும். அப்படிச் சொல்லாதே. வாங்கவிடாமல் தடுத்தது யார் என்று பெயரோடு சொல், ஏன் தடுத்தாள் என்றும் சொல். அதை அவர் முன்னால் உன்னால் முழுதாகச் சொல்ல முடிந்தால், அதற்கப்புறம் என்னிடம் பேச வா.

அம்மா